ஆயிரத்து நாற்பத்தேழாம் எண்

தம்பி,

பத்தடி தூரத்தில் உட்கார்ந்து சட்டை மடித்துக்கொண்டிருக்கும் மகனுக்கு அடுக்களையிலிருந்து கடிதம் எழுதுகிறவளைப் பார்த்தால் உனக்குச் சிரிப்புதான் வரும். வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாளாக நீ டம்ளரை வைக்க உள்ளே வரும்போதெல்லாம் ஆரம்பித்து, "இன்னொரு தோசை போடட்டுமா" என்று முடித்துவிட்டேன். ரேஷன் கடை வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால்கூட "பரவாயில்ல, போங்க" என்று சொல்கிறவள் உன் அம்மா என்று உனக்குத் தெரியும். எழுதினால் நடுவில் பேச்சை மாற்ற முடியாது. அதனால்தான் இந்தக் காகிதம். ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் இதை உன் தலையில் ஏற்றுவதற்கு என்னை மன்னித்துக்கொள். கவரை நான் ஒட்டவில்லை. இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். இனிமேல் ஒளித்து வைப்பதாக இல்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை நீ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாய். கோயம்புத்தூர் மருத்துவமனையில் உன் வேலை என்னவென்று எனக்குக் காட்ட வேண்டும் என்று உனக்கு ஆசை. டாக்டர்கள், நர்ஸ்கள், பில்லிங்கில் உட்காருகிறவர்கள், எல்லாருடைய லாகின் கணக்கும் இனி உன் கையில். கறுப்புத் திரையைத் திறந்து அப்பா பெயரில் ஒரு கணக்கு உண்டாக்கினாய். அடுத்த வரியில் அதை நீக்கினாய். "பாத்தியாம்மா, ஒரே லைன், ஆள் காலி. அப்பா அவுட்!" என்றாய். ஹாலிலிருந்து அப்பா, "டேய், தூக்குறதுதான் தூக்குற, செட்டில்மெண்டையாவது குடுத்துட்டுத் தூக்குடா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். பிறகு என் பெயரில் ஒரு கணக்கை உண்டாக்கி, "இப்ப நீ இன்" என்று சொல்லிவிட்டு அதன் விவரத்தை எடுத்துக் காட்டினாய். உன் கண் பெயரில் இருந்தது. என் கண் பெயருக்குப் பக்கத்திலிருந்த எண்ணுக்குப் போனது. கொஞ்ச நேரத்துக்கு முன் அப்பாவுக்கு இருந்த அதே எண். நீ கவனிக்கவில்லை. மாவுக் கரண்டியோடு நான் நின்றுவிட்டேன். தோசை கருகியது ஏன் என்று நீ கேட்டாய், "அடுப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றேன்.

அது அடுப்பால் இல்லை, தம்பி. நான்கு வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒரு எண் விஷயத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை நான் கெடுத்தேன். தெரியாமல் கெடுத்தது ஒரு நாள்தான். மிச்ச நாட்களெல்லாம் தெரிந்தே கெடுத்தேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையை நீ கேட்டதில்லை. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். தாத்தா தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கினார், பாட்டி சேலையூரில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். கம்ப்யூட்டர் சயின்ஸில் பட்டம் வாங்கியதும் எனக்குக் கல்யாணம், அடுத்த வருஷமே நீ. நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் நீ பிறகு படித்த இந்தக் கல்லூரியில் சிஸ்டம் அட்மின் வேலைக்கு எழுதிப் போட்டேன். நேர்முகத்தில் நான் சரியாக நான்கு வாக்கியம்கூடப் பேசவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துச் செய்து காட்டச் சொன்னார்கள், செய்தேன், எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கறுப்புத் திரை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு வரி தட்டினால் அது செய்யும். மலர்ந்த முகம் காட்ட வேண்டியதில்லை, யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. அங்கே நான் பெரிய ஆள். திரையை விட்டு எழுந்தால் பழையபடி பாட்டி பாத்திரம் தேய்க்கிற வீட்டின் கொல்லைப்புறக் கதவருகே நிற்கிற பெண்.

அந்த வாய் திறக்காத குணத்தால் நான் முதலில் காயப்படுத்தியது உன்னைத்தான். உனக்கு நினைவிருக்கும். மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக் குடிதண்ணீர்க் குழாயை நீ உடைத்துவிட்டதாகக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "நான் உடைக்கலம்மா, நான் போறப்பவே ஒழுகினு இருந்துச்சு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். நான் நம்பினேன். இருந்தாலும் அறைக்குள் போனதும் ஹெட்மிஸ்ட்ரஸ் மேசைக்கு முன்னால், "சாரி சொல்லுடா" என்று உன் தலையைப் பிடித்து அழுத்தினேன். நீ சொன்னாய். திரும்பி வரும்போது கேம்ப் ரோடு முழுக்க என் கையைப் பிடிக்காமல் நடந்தாய். அந்த அறையில் நான் பேச வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதைப் பேசுவதைவிட உன் தலையை அழுத்துவது எனக்குச் சுலபமாக இருந்தது. இதுவரை இதற்காக உன்னிடம் வருத்தம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

கல்லூரியில் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது ஒரு படிவத்தோடு எல்லா மேசையும் சுற்றுவார் இல்லையா, நோ டியூஸ் ஃபாரம். லைப்ரரி, லேப், ஸ்டோர்ஸ், கடைசியில் நான். கணக்கை நீக்கியாகிவிட்டது என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு ரிலீவிங் ஆர்டர் கொடுப்பார்கள். அதனால் போகிறவர் என் மேசைக்குப் பக்கத்திலேயே, பையை மாட்டிக்கொண்டு, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு ஆள் நின்றால் பொறுக்காது. சீக்கிரம் முடித்து அனுப்பிவிட வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன நோட்டில் "ரிலீவ் ஆனால் நீக்கு" என்று ஒரு வரி இருந்தது, நானும் வருஷக்கணக்காக அப்படியே செய்துவந்தேன். தேர்வுப் பிரிவில் இருந்த பாஸ்கர் போன அன்றைக்கும் அப்படித்தான். ஸ்வீட் பெட்டியை நீட்டிக்கொண்டே, "அக்கா, கொஞ்சம் சீக்கிரம்கா, ரெண்டு மணிக்கு டிரெயின்" என்றான். யூசர்டெல் என்று அடித்து அவன் பெயரைப் போட்டேன். அவனும் அவனுடைய ஃபோல்டரும் போனார்கள். கையெழுத்துப் போட்டேன், ஒரு ஜாங்கிரி எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

இனி நான் சொல்வதை உன் வேலையின் முதல் பாடமாக எடுத்துக்கொள். அந்த இயந்திரத்துக்கு மனிதர்களின் பெயர் தெரியாது. பெயர் நமக்காக எழுதி ஒட்டியது. அதற்குத் தெரிந்தது எண் மட்டும்தான். பாஸ்கரின் எண் ஆயிரத்து நாற்பத்தேழு. அவனை நீக்கினால் அவன் சொந்த ஃபோல்டர் போகும். பொது டிஸ்கில் வேறு எங்காவது அவன் எதையாவது போட்டு வைத்திருந்தால் அது போகாது. ஆயிரத்து நாற்பத்தேழாம் எண்ணுக்குச் சொந்தம் என்று உரிமையாளர் பெயர் இல்லாமல் அப்படியே கிடக்கும். பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தவன் அவன்தான் என்பதால், அடுத்து யாருக்கு நான் கணக்கு உண்டாக்கினாலும் அந்த எண் அவருக்குப் போகும். எண் கைமாறிய கணத்திலிருந்து, அவன் விட்டுப்போனதெல்லாம் வந்தவருடைய பெயரில் காட்டும். இதைத் தடுக்க ஒரு நிமிஷ வேலை போதும். அந்த எண்ணுக்கு எங்கெங்கே என்ன இருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். அல்லது ஆளை நீக்காமல் கணக்கைப் பூட்டி மட்டும் வைக்க வேண்டும். புத்தகத்தில் படித்திருந்தேன். ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

பாஸ்கர் போன அடுத்த வாரம் அந்த இடத்துக்கு வந்தவள் எஸ்தர். உனக்கு அவளைத் தெரியும், உங்கள் வகுப்பில் அவளுக்கு வேறு பெயர் வைத்திருந்தீர்கள், அதற்கு வருகிறேன். இருபத்திரண்டு வயது, டேட்டா என்ட்ரி, தற்காலிக வேலை. முடிச்சூரில் வீடு. முதல் நாள் அவளை டிவிஎஸ் வண்டியில் கொண்டுவந்து விட்டவர் அவள் அப்பா, சென்ட்ரிங் வேலை பார்க்கிறவர். என் மேசைவரைக்கும் வந்து, "மேடம், இது வாயத் தொறக்காது. கேட்டாதான் பேசும். நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும்" என்றார். எஸ்தர், "யப்பா, போப்பா" என்று தரையைப் பார்த்தாள். இன்னொரு நாள் அவர்தான் சொன்னார்: "வெள்ளத்துல வூட்ல இருந்தது எல்லாம் பூட்ச்சு மேடம். கழுத்து மட்டும் தண்ணி. இவ சர்டிபிகேட் கவரு ஒண்ணுதான் தலைல வச்சிகினு வந்தேன். பொண்டாட்டி கேட்டா, இன்னாயா, பாத்திரம் பண்டம் ஒண்ணும் எடுக்கலையான்னு. அதெல்லாம் கடைல கெடைக்கும், இது எங்க கெடைக்கும்னேன்." அவள் பெயரில் கணக்கு உண்டாக்கியது நான்தான். என்ன பாஸ்வேர்ட் வைப்பது என்று அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். அவளைப் பார்க்கும்போது முதல் மாதச் சம்பளத்துக்குக் காத்திருந்த என்னையே பார்ப்பதுபோல் இருக்கும். டிபன் பாக்ஸைத் திறந்தால் முதலில் என் பக்கம் நகர்த்துவாள். "அக்கா, கருவாட்டுக் குழம்பு. வாடைக்கு யாராவது திட்டுவாங்களா?" "மூடி வச்சு சாப்பிடுமா, நானும் திருட்டுத்தனமா ரெண்டு வாய் போட்டுக்கறேன்." வேலையிடத்தில் நான் ஜோக் அடித்தது அவளிடம் மட்டும்தான்.

அந்த வருஷம் செமஸ்டர் தேர்வுக்கு முன்தினம் வினாத்தாள் மாணவர்களின் போனில் சுற்றியதை நீ மறந்திருக்க மாட்டாய். நீ முதல் வருஷம். தேர்வைத் தள்ளி வைத்தார்கள். தேர்வுப் பிரிவின் தலைவர், கன்ட்ரோலர் சார், என்னைக் கூப்பிட்டு, சர்வரில் வினாத்தாளின் நகல் வேறு எங்காவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பொது டிஸ்கில், பழைய ஹால் டிக்கெட் படங்களுக்கு நடுவே, ஒரு ஃபோல்டரில் ஐந்து பாடத்தின் வினாத்தாள்களும் இருந்தன. அது யாருடையது என்று கேட்டார். பார்த்தேன். எஸ்தர் என்று இருந்தது. எனக்கே நம்ப முடியவில்லை, இரண்டாம் முறையும் பார்த்தேன். "அவ பேர்ல என்னென்ன இருக்கோ மொத்தமும் லிஸ்ட் எடுத்துக் குடுங்க, முதல்ல அவ லாகினை லாக் பண்ணுங்க" என்றார். நான் என் இடத்துக்கு வந்து பூட்டினேன். ஒரு வரி. அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தாள். மறுபடி அடித்தாள். விரலை ஒவ்வொன்றாக வைத்து மூன்றாம் முறை அடித்தாள். "அக்கா, என் பாஸ்வேர்ட் எடுக்க மாட்டேங்குது. என்னான்னு கொஞ்சம் பாருங்களேன்." நான் நிமிராமல், "பாக்கறேன்மா" என்றேன். பிரிண்டர் அவள் பெயரில் இருந்ததையெல்லாம் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய், விழுந்த தாள்களை எனக்காக அடுக்கி வைத்தாள்.

விசாரணை அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. "சார், கர்த்தர் மேல ஆணையா அந்த ஃபோல்டர் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது சார்" என்றாள். கன்ட்ரோலர், "கர்த்தரை எதுக்கும்மா இழுக்கற, கம்ப்யூட்டரே சொல்லுது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், சிஸ்டம் தப்பா காட்டுமா?" என்றார். "காட்டாது சார்" என்றேன். அப்போது அது எனக்குப் பொய்யில்லை. எஸ்தர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, தம்பி. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், தனக்கே தெரியாமல் தான்தான் ஏதோ செய்துவிட்டோமோ என்று யோசிக்கிற பார்வை.

மறுநாள் காலை வேலைக்கு வந்ததும் அந்த ஃபோல்டரை மறுபடி திறந்தேன். முதல் நாள் நான் எடுத்துக் கொடுத்த பட்டியலில் கோப்புகளின் பெயர் மட்டும்தான் இருந்தது, தேதி இல்லை. அவர்கள் கேட்கவில்லை, நான் சேர்க்கவில்லை. இப்போது தேதியைப் பார்த்தேன். எஸ்தர் வேலைக்குச் சேருவதற்குப் பத்து நாள் முன்பு. அவளுக்கு அந்த வளாகத்தின் கேட் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாத நாள். ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. பிறகு எண்ணைப் பார்த்தேன். அந்த ஜாங்கிரி, அந்த இரண்டு மணி டிரெயின், எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. பாஸ்கர்தான் அதை வெளியே விட்டான் என்று நான் சொல்லவில்லை. வேலைக்காகவே எடுத்து வைத்திருக்கலாம், அவன் ஃபோல்டரை வேறு யாரோ பார்த்திருக்கலாம். அது எனக்கு இன்றுவரை தெரியாது. எஸ்தர் அதை எடுத்து வைக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவள் பெயரை அதன் மேல் ஒட்டியது நான்.

தேதியோடு ஒரு பிரிண்ட் எடுத்தேன். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கன்ட்ரோலர் அறைக்குப் போனேன். அவர் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். நின்றேன். போனை வைத்துவிட்டு, "என்ன மேடம்?" என்றார். "ஒண்ணுமில்ல சார். பிரிண்டர்ல டோனர் தீந்துபோச்சு" என்றேன். "அதை ஸ்டோர்ஸ்ல சொல்லுங்க, என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றார். நான் ஸ்டோர்ஸுக்குப் போய் டோனர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அவளிடம் கடிதம் எழுதி வாங்கினார்கள். போலீஸுக்குப் போகாமல் இருப்பதற்காகத் தவறை ஒப்புக்கொண்டு எழுதும் கடிதம். அவள் அப்பாவையும் வரவழைத்திருந்தார்கள். சிமெண்ட் அப்பிய சட்டையோடு அவர் காரிடாரில் நின்றார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். "மேடம், நீங்க சொல்லுங்க. எம்பொண்ணு இத்தப் பண்ணிருக்குமா? நீங்க பக்கத்துல இருந்து பாத்தவங்க. இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா நான் இவங்க காலரப் புடிச்சிகினு கேப்பேன்." அந்தக் காகிதம் என் கைப்பைக்குள்தான் இருந்தது. "எனக்குத் தெரியலைங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். எஸ்தர் டிபன் பாக்ஸ் பையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். மாடி ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு வேன் ஓட்டுகிற வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்த சமயம். "உன் கையெழுத்து இருக்குன்னு சொல்ற. உன்னைத்தான் முதல்ல தூக்குவாங்க. அப்புறம் பையன் ஸ்டாஃப் கோட்டாவுல எப்படிப் படிப்பான்? அவன் டிகிரி முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். உனக்கு எதுக்கு வம்பு?" என்றார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே. நான் எதைக் கேட்க விரும்பினேனோ அதைச் சொன்னார். உன் படிப்பை நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. உனக்குக் கோட்டா இல்லாமல் இருந்திருந்தாலும் நான் டோனர்தான் கேட்டிருப்பேன். உன் பட்டத்தின் மேல் இந்தப் பழி கிடையாது. அதை நீ படித்து வாங்கினாய்.

அந்த வாரம் நீ சாப்பாட்டு மேசையில் போனை நீட்டி ஒரு படம் காட்டினாய். எஸ்தரின் அடையாள அட்டைப் படம், கீழே "லீக் அக்கா, ஆல் சப்ஜெக்ட் பாஸ்" என்று எழுதியிருந்தது. "மா, உங்க செக்‌ஷன்தானே இந்த அக்கா? செம மாஸ்ல!" என்று சிரித்தாய். நீ வேறு என்ன செய்வாய், உனக்குப் பதினெட்டு வயது. நான் உனக்கு ரசம் ஊற்றினேன்.

பிறகு நான் ஒரு கணக்கையும் நீக்கவில்லை. போகிறவர்களின் கணக்கைப் பூட்டிவிட்டு, எந்த எண் யாருடையது, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். ஒரு எண்ணை இரண்டாவது ஆளுக்குக் கொடுப்பதே இல்லை. ஆள் நின்றால் நிற்கட்டும், "நாளைக்கு வந்து வாங்கிக்குங்க" என்று சொல்லப் பழகிவிட்டேன். நீயும் அப்படியே செய். மருத்துவமனையில் ஒரு நர்ஸ் வேலையை விட்டுப் போவாள், அவள் எழுதிய மருந்துக் குறிப்பு அங்கேயே இருக்கும், புதிதாக வந்த பெண்ணின் பெயரில் அது காட்டினால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துப் பார். அவசரத்துக்கு எல்லாரும் ஒரே பாஸ்வேர்டை வைத்துக்கொள்ள விடாதே. யாராவது உன்னிடம் வந்து "சிஸ்டம் தப்பா காட்டுமா" என்று கேட்டால், "என்ன கேட்டீங்களோ அதை மட்டும்தான் காட்டும் சார், நான் முழுசா பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல். தப்பு உன்னுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே சொல். முதல் நாள் சொன்னால் அது தவறு. இரண்டாம் நாள் ஆகிவிட்டால் ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு நான்கு வருஷத்துக்குப் பதில் சேர்ந்துவிட்டது.

இரண்டு மாதம் முன்பு கேம்ப் ரோடில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டில் எஸ்தரைப் பார்த்தேன். பில் போடுகிறாள். ஆள் பாதியாகிவிட்டாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அக்கா! நல்லா இருக்கீங்களா? தம்பி முடிச்சிட்டாரா? வேலை கெடச்சிதா?" கெடச்சிடுச்சுமா என்றேன். "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். பில்லைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "போன வருஷம் போயிட்டாருக்கா. ஈரல் கெட்டுப்போச்சு. அதுக்கு முன்னாடி குடிக்கவே மாட்டாரு. அன்னிக்கு வீட்டுக்குப் போனதுலேர்ந்து எங்கிட்ட பேசலக்கா. ஆஸ்பத்திரில நாந்தான் கூட இருந்தேன். என் கையால தண்ணி குடுத்தா வாங்க மாட்டாரு, நர்ஸக் கூப்புடுவாரு." அப்புறம் கொஞ்சம் சிரித்து, "உங்க மேலகூட எனக்கு வருத்தம் இல்லக்கா. சிஸ்டத்துல இருந்ததத்தானே நீங்க சொன்னீங்க" என்றாள். எனக்குப் பின்னால் ஒரு அம்மா, "பேசினு இருந்தா எப்பம்மா பில்லு போடுவீங்க?" என்று கத்தினாள். "பை வேணுமா அக்கா?" என்று கேட்டாள் எஸ்தர். வேண்டாம் என்றேன். அரைக் கிலோ ரவையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். அதற்குப் பிறகு ஐந்து முறை அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். வீட்டில் ஏன் இவ்வளவு ரவை என்று நீ கேட்டாயே, அதற்கு இதுதான் காரணம்.

அந்தத் தேதி போட்ட பிரிண்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த மாதத்து பேக்கப்பும் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நடந்ததையெல்லாம் பிரின்சிபாலுக்கு நான்கு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன். வேலை போகும் என்றுதான் நினைக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். "இப்ப சொல்லி என்ன ஆவப் போவுது? செத்தவரு எழுந்து வந்து பொண்ணு கையால தண்ணி வாங்கிக்கப் போறாரா?" என்றார். மாட்டார்தான். எதுவும் சரியாகாது. அதைத் தெரிந்துகொண்டுதான் செய்கிறேன். அவள் அன்று எழுதிக் கொடுத்த கடிதத்தை அவர்கள் கிழித்துப் போட்டால்கூட, தன் அப்பாவிடம் காட்ட அவளுக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது, அது என் கைப்பையில் இருந்தது. அந்த நேரம் முடிந்துவிட்டது. ஆனாலும் தான் ஏதோ செய்துவிட்டோமோ என்று அவள் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

அந்த நான்கு பக்கம் பிரின்சிபாலுக்குப் போவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும். அதுவும் என் வாயிலிருந்து. இத்தனை பக்கமும் எழுதியது இதைக் கேட்பதற்குத்தான், கேட்க வெட்கப்பட்டுக் கடைசிவரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். உனக்கு ஞாயிற்றுக்கிழமை ரயில். சனிக்கிழமை எஸ்தருக்கு வார லீவு, விசாரித்துவிட்டேன். அன்று காலை என்னோடு முடிச்சூருக்கு வா. எனக்காக நீ எதுவும் பேச வேண்டாம், அவள் என்ன திட்டினாலும் நடுவில் வர வேண்டாம். ஆனால் அந்த வீட்டுக்குள் போனதும் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். "இந்தப் பக்கமா வந்தோம்மா, பையன் ஊருக்குப் போறான், அதான் பாத்துட்டுப் போலாம்னு" என்று ஆரம்பிப்பேன். அவள் டீ போட்டுக் கொடுப்பாள். குடித்துவிட்டு, "அப்ப வரட்டுமா" என்று எழுந்துவிடுவேன். அப்போது நீ எழுந்திருக்காதே. உட்கார்ந்த இடத்திலேயே இருந்து, "அக்கா, எங்கம்மா உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்ல வந்திருக்காங்க" என்று சொல். அந்த ஒரு வாக்கியம் மட்டும் சொல், தம்பி. மீதியை நான் சொல்லிவிடுகிறேன்.

அம்மா